குளிர்நீர் சென்ற வழி

எந்த மன்னன் எவ்வாண்டில் முடிசூடினான் என்று வினவினால் மாணவர் பிழையின்றி விடை கூறுவர். அவர்கள் அமர்ந்து தேர்வெழுதும் மண்டபத்தின் குளிர்ந்த காற்று எங்கிருந்து வருகிறது, அதனைக் குளிர்விப்பது யாது என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. மன்னர் வரலாற்றுக்குக் கிடைத்த மதிப்பு கருவிகளின் வரலாற்றுக்கு இன்னும் கிட்டவில்லை. கருவிகளுள்ளும் கண்ணுக்குத் தெரிவனவே பேசப்படுகின்றன. நீராவி வண்டிக்கும் வானூர்திக்கும் பாடநூலில் இடமுண்டு. சுவருக்குப் பின்னே மறைந்து கிடக்கும் குழாய்க்கு இடமில்லை.

வெப்பநாட்டு நகரங்களின் உயர்ந்த கட்டடங்களில் மாடிக்கு மாடி பூட்டப்பட்ட சிற்றறை ஒன்று உண்டு. அதனுள்ளே ஆள் புகுந்து நிற்கத்தக்க பெரிய தகட்டுப் பெட்டி ஒன்று இரைந்துகொண்டே இருக்கும். காற்றைப் பதப்படுத்தும் அப்பெட்டியைத் தொழிலாளர் 'ஏ.எச்.யூ.' என மூன்றெழுத்தால் வழங்குவர். பெட்டியின் நடுவே, மெல்லிய அலுமினியத் தகடுகளை ஊடுருவிச் செல்லும் செப்புக் குழாய்களின் அடுக்கு நிற்கும். அதற்குச் சுருள் என்பது பொருத்தமான பெயர். தொழிலாளர் நாவில் அது 'காயில்'. அச்சுருளுக்கு வெளியிலிருந்து வரும் குழாய்கள் இரண்டே. ஒன்று குளிர்நீரைக் கொணர்வது. மற்றொன்று வெப்பமுற்ற நீரை மீட்டுச் செல்வது. இவ்விரண்டனுள் எது எவ்விடத்தில் பொருந்த வேண்டும் என்பது கேட்பதற்கு மிக எளிய வினா. ஆயின் அதனைத் தவறாக விடுத்த கட்டடங்கள் உலகெங்கும் உள்ளன. அவ்வினா எவ்வாறு எழுந்தது, அதன் விடை எவ்வாறு உருப்பெற்றது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

குளிர் முதலில் கப்பலேறித்தான் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகரான பிரடெரிக் டூடர் என்பார், பனிக்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்தெடுத்த பனிக்கட்டிப் பாளங்களை மரத்தூளில் பொதிந்து வெப்பநாடுகளுக்கு விற்றார். 1833ஆம் ஆண்டு மே மாதத்தில் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட 'டஸ்கனி' என்னும் கப்பல் நான்கு திங்கள் கடலில் உழன்று செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் உருகாது எஞ்சியிருந்தது என்பர். சென்னைக் கடற்கரையில் 1842இல் அவ்வணிகத்திற்கென எழுந்த பனிக்கட்டிக் கிடங்கே, பிற்காலத்தில் விவேகானந்தர் 1897இல் தங்கிய இல்லமாகப் புகழ்பெற்றது. அப்பகுதிக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்னும் பெயர் மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. சிங்கப்பூரிலும் வாம்போவா எனப்பட்ட ஹூ ஆ கே 1854இல் ஆற்றோரத்தில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு அமைத்தார். வணிகம் நெடுநாள் நிலைக்கவில்லை. அந்நாளில் செல்வர் பருகிய பானம் குளிர்ந்ததேயன்றி அவர் அமர்ந்த அறை குளிரவில்லை. அறைக்குப் பங்காவே கதி. அதன் கயிற்றை இழுப்பதற்கு ஓர் ஏழை வேண்டும்.

அறையைக் குளிர்விக்க முயன்றவருள் முன்னோடி ஒரு மருத்துவர். புளோரிடா மாநிலத்து அப்பலாச்சிக்கோலா என்னும் துறைமுகச் சிற்றூரில் வாழ்ந்த ஜான் கோரி, காய்ச்சலால் வாடும் நோயாளரின் படுக்கைக்கு மேலே பனிக்கட்டிக் கலத்தைத் தொங்கவிட்டுக் காற்றைத் தணித்தார். தொலைவிலிருந்து வரும் பனிக்கட்டியை நம்பியிருக்க இயலாமையால், காற்றை அழுத்திப் பின் விரியவிடும் பொறியால் பனிக்கட்டியைத் தாமே ஆக்கினார். 1851இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் முதலீடு செய்வார் இல்லாமல் 1855இல் அவர் மறைந்தார். நோயாளரின் வேதனை கண்டு எழுந்த அம்முயற்சி தோற்றது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அச்சுத்தாளின் வேதனை கண்டு எழுந்த முயற்சி வென்றது. உலக வழக்கு அத்தகையது.

நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்னும் அச்சகம் இருந்தது. வண்ணப் படங்களை அச்சிடுகையில் ஒரே தாள் ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒருமுறை பொறிக்குள் செல்ல வேண்டும். ஈரம் மிகுந்த நாளில் தாள் விரியும். உலர்ந்த நாளில் சுருங்கும். முதல் வண்ணம் பதிந்த நாளுக்கும் அடுத்த வண்ணம் பதியும் நாளுக்கும் இடையே தாளின் அளவு மயிரிழை மாறினும் வண்ணம் கோட்டைத் தாண்டிச் சிதறும். அச்சகத்தார் பஃபலோ போர்ஜ் என்னும் நிறுவனத்தை நாடினர். அந்நிறுவனம் அப்பணியை, முந்தைய ஆண்டுதான் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வந்திருந்த வில்லிஸ் கேரியர் என்னும் இருபத்தைந்து அகவை இளைஞரிடம் ஒப்படைத்தது.

அவர் செய்தது யாது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். குளிர்நாட்டுக் கட்டடங்களைச் சூடேற்ற நீராவிச் சுருள்கள் முன்பே இருந்தன. அவற்றுள் நீராவிக்கு மாற்றாகக் குளிர்நீரை ஓடவிட்டார் கேரியர். காற்று எவ்வளவு வெப்பநிலைக்கு இறங்கினால் அதிலுள்ள ஈரம் துளியாகப் பிரியும் என்பதை வானிலைத் துறையார் அட்டவணைகளிலிருந்து எடுத்துக்கொண்டார். சுருளின் வெப்பநிலையையும் காற்றின் விரைவையும் அதற்கேற்ப ஒன்றோடொன்று பொருத்தினார். 1902ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாளிட்ட வரைபடங்களே தற்காலக் காற்றுப்பதனத்தின் பிறப்புச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அச்சகத்தில் ஆழ்கிணற்று நீர் ஒரு சுருளிலும், அம்மோனியாப் பொறியின் குளிர் மற்றொரு சுருளிலும் பாய்ந்தன. ஆண்டு முழுதும் ஈரப்பதம் 55 விழுக்காட்டில் நிற்க வேண்டும் என்பது இலக்கு. நாளொன்றுக்கு 1,08,000 பவுண்டு பனிக்கட்டி உருகினால் எவ்வளவு குளிர் கிட்டுமோ அவ்வளவு குளிர் அதற்குத் தேவைப்பட்டது. இன்றைய கணக்கில் அது 54 'டன்'. குளிர்ப்பொறியின் ஆற்றலை இன்றும் டன் என்னும் அலகால் சொல்வது, ஒரு நாளில் உருகும் ஒரு டன் பனிக்கட்டியின் நினைவாகவே என்பதை மாணவர் அறிதல் நலம். டூடரின் கப்பல் மறைந்துவிட்டது. அதன் எடைக்கல் மறையவில்லை.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி ஒன்றும் பொருந்தும். இத்துறைக்குரிய ஆங்கிலப் பெயரை 1906இல் வழங்கியவர் கேரியர் அல்லர். வட கரோலினாவின் நெசவாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிராமர். நூலுக்கு ஈரமூட்டிப் பதப்படுத்துதல் என்னும் நெசவுத்தொழில் வழக்கைக் காற்றுக்கு ஏற்றி, 'ஏர் கண்டிஷனிங்' என்றார். ஆக, அச்சொல்லின் உயிர் பதத்தில் இருக்கிறது; குளிரில் இல்லை. தமிழில் நாம் பெருவழக்காக எழுதும் 'குளிர்சாதனம்' என்னும் சொல் அப்பாதியை விழுங்கிவிட்டது. 'காற்றுப்பதனம்' என்பதே பொருளை முழுமையாகத் தாங்கும். சோறு பதம், மண் பதம், ஈரப்பதம் என்றெல்லாம் வழங்கும் மொழிக்கு இச்சொல் அயலானதன்று. மக்கள் 'ஏர்கோன்' என்றே சொல்லட்டும். எழுதுவோர் பொருளறிந்து எழுதலாமே.

கேரியரின் அடுத்த கருவி சுருளையே ஒதுக்கிவிட்டது. 1906ஆம் ஆண்டு சனவரியில் காப்புரிமை பெற்ற அக்கருவியில் குளிர்நீர் காற்றின்மீது நேரே தூவப்பட்டது. ஈரத்தை நீக்குவதற்கு நீரையே தூவுவது முரணாகத் தோன்றலாம். தூவும் நீர் போதிய குளிர்ச்சியுடையதாயின் காற்றிலுள்ள ஆவி அத்துளிகளின்மேலேயே படிந்து இறங்கிவிடும் என்பதே இதன் நுட்பம். நெசவாலைகள் இம்முறையை விரும்பி ஏற்றன. 1907இல் சப்பானின் யோக்கஹாமாவில் ஒரு பட்டாலைக்கும் அது சென்றது. 1911இல் கேரியர் ஈரக்காற்றின் இயல்புகளை வாய்பாடுகளாக வகுத்து அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் படித்தார். அதன்பின் காற்றுப்பதனம் கைவினை நிலையிலிருந்து கணக்கின் ஆட்சிக்குள் வந்தது எனலாம்.

1922இல் அவர் வெளியிட்ட மையவிலக்குக் குளிர்ப்பொறி மற்றொரு திருப்பம். பழைய அம்மோனியாப் பொறிகள் பேருருவானவை, கசிந்தால் நச்சு. புதிய பொறி சிறிய இடத்தில் அடங்கியது. மிகுதியான நீரைக் குளிர்வித்தது. 1924இல் டெட்ராய்ட்டின் ஹட்சன் பேரங்காடியிலும், 1925இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கிலும் மக்கள் அதன் குளிரை நுகர்ந்தனர். ரிவோலியில் முதல் நாள் வந்தோர் கைவிசிறியோடு வந்து அமர்ந்தனராம். அரங்கம் குளிரக் குளிர விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1928இல் டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் 21 மாடி மைலம் கட்டடம் எழுந்தது. நிலவறையில் குளிர்ப்பொறி, அங்கிருந்து குழாய்வழியே குளிர்நீர் மேலேறி மாடிகளிலுள்ள காற்றுப்பதனப் பெட்டிகளை அடைந்தது. உயர்ந்த அலுவலகக் கட்டடம் ஒன்று முழுமையும் பதப்படுத்தப்பட்டது அதுவே முதன்முறை.

காற்றையே நிலவறையில் குளிர்வித்து மேலே அனுப்பாமல் நீரை அனுப்பியது ஏன்? ஒரே கொள்ளளவுடைய நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்க வல்லது. ஒரு முழக் குழாயால் ஆகும் பணிக்குக் காற்றாயின் ஓர் அறையளவு வழி வேண்டும். மாடி உயர உயர அவ்வழிகளே கட்டடத்தை விழுங்கிவிடும். இக்காரணத்தால் குளிர்நீர் வென்றது. தூவும் முறையும் நாளடைவில் பின்தங்கியது. ஏனெனில் திறந்த நீரை அடுக்குமாடிகளில் ஏற்றி இறக்குவது இடர் மிக்கது. மூடிய குழாயில் சுழலும் நீரும், தகடு கோத்த சுருளும் மீண்டும் அரியணை ஏறின. 1902இல் தொடங்கிப் பின் கைவிடப்பட்டது போலத் தோன்றிய வழியே பெருவழியாயிற்று.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். சுருள் என்பது ஒற்றை வரிசைக் குழாய் அன்று. நான்கு, ஆறு, எட்டு எனக் குழாய் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். வெப்பக் காற்று முதல் வரிசையைத் தொட்டுக் கடைசி வரிசை வழியே வெளியேறும். குளிர்நீர் முதல் வரிசையில் நுழைந்து காற்றோடு ஒரே திசையில் செல்லலாம்; அன்றிக் கடைசி வரிசையில் நுழைந்து காற்றை எதிர்த்து வரலாம். இரண்டு வகையிலும் நீர் ஓடும், காற்றும் குளிரும். எது சிறந்தது?

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். காற்று 27 பாகை செல்சியஸில் நுழைந்து 13 பாகையில் வெளியேற வேண்டும் எனக் கொள்க. நீர் 7 பாகையில் வந்து 12 பாகையில் திரும்புகிறது. எதிர்த்து வரும் முறையில், காற்று நுழையும் முனையில் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 15 பாகை. வெளியேறும் முனையில் 6 பாகை. சுருளின் எப்பகுதியும் சோம்பியிருப்பதில்லை. உடன்செல்லும் முறையிலோ, நுழைவில் 20 பாகை வேறுபாடு. முடிவில் 13 பாகைக் காற்றும் 12 பாகை நீரும் சந்திப்பதால் வெறும் 1 பாகை. முதல் வரிசை முழு வேலையையும் செய்ய, கடைசி வரிசைகள் பெயரளவிற்கு நிற்கும். மடக்கை வாய்பாட்டால் சராசரி காணின் எதிரோட்டத்திற்கு 9.8 பாகையும் உடனோட்டத்திற்கு 6.3 பாகையும் வரும். அஃதாவது, உடன்செல்லும் நீரைக்கொண்டு அதே பணியை முடிக்க ஒன்றரை மடங்குக்கும் சற்று மேற்பட்ட சுருள் வேண்டும். கட்டடத்தில் இருப்பது ஒரு மடங்குச் சுருளே. ஆதலின் பணி முடிவதில்லை, காற்று குறைவாகக் குளிர்கிறது, ஈரம் எஞ்சுகிறது. ஓரிரு வரிசை மட்டுமே உடைய சிறிய சுருளில் இவ்வேறுபாடு அத்துணை பெரிதன்று. வரிசை பெருகப் பெருகவே இழப்பும் பெருகும்.

எதிரோட்டத்தின் சிறப்பைப் பொறியாளர் புதிதாகப் படைத்துவிடவில்லை. பனிநீரில் நிற்கும் பறவையின் காலில், கீழிறங்கும் வெங்குருதியும் மேலேறும் குளிர்குருதியும் அருகருகே எதிரெதிராக ஓடி வெப்பத்தை மாற்றிக்கொள்கின்றன. 1895இல் செருமானிய அறிஞர் கார்ல் வான் லிண்டே காற்றையே நீர்மமாக்கியதும் எதிரோட்டக் குழாய்களின் துணையால்தான். காற்றுப்பதனத் தொழில் அந்நெறியைத் தன் பெட்டிக்குள் கொண்டுவந்தது. அதனை வாய்பாடாகச் சொல்வதாயின், குளிர்நீர் நுழைய வேண்டிய இடம் காற்று வெளியேறும் பக்கம். நீர் வெளியேற வேண்டிய இடம் காற்று நுழையும் பக்கம்.

இன்னொரு விதியும் உண்டு. நீர் கீழிருந்து நுழைந்து மேலே வெளியேற வேண்டும். நீராவிச் சுருளுக்கு முறை இதற்கு நேர்மாறு. அங்கே ஆவி மேலே நுழையும், குளிர்ந்து நீரான பின் கீழே வடியும். நீருக்கு ஏன் தலைகீழ் முறை? குழாயில் ஓடும் நீரோடு காற்றுக்குமிழிகளும் வரும். குமிழியின் இயல்பு மேலேறுவது. நீரும் மேல்நோக்கிச் சென்றால் குமிழியைத் தன்னோடு அள்ளிச் செல்லும். தலைக்குழாயின் உச்சியில் அமைந்த சிறு திறப்பின் வழியே அது வெளியேறும். நீர் மேலிருந்து கீழே வருமாயின் குமிழி ஒரு பக்கமும் நீர் மறுபக்கமும் இழுக்க, மேல்வரிசைக் குழாய்களில் காற்று தங்கிவிடும். அக்குழாய்கள் வெறுங்குழாய்களே, அவற்றின்மேல் செல்லும் காற்று குளிராமலேயே கடந்துபோகும். வெளியிலிருந்து பார்ப்போருக்கு யாதொரு குறையும் தெரியாது. இதே விதி வேறொரு நன்மையையும் தருகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுருள்களுக்கு நீர் அடியிலிருந்து பிரிந்து, உச்சியிலிருந்து ஒன்றுசேர்ந்து வெளியேறினால், எச்சுருளின் வழிச் சென்ற நீரும் ஏறத்தாழ ஒரே தொலைவைக் கடந்திருக்கும். அருகிலிருக்கும் சுருள் நீரையெல்லாம் குடித்துவிட்டுத் தொலைவிலிருப்பதைத் தாகத்தில் விடும் நிலை அங்கே எழாது.

இத்துணை எளிய விதிகள் ஏன் தவறின? காரணம் பெரும்பாலும் அறியாமை அன்று, அவசரம். சுருளுக்கு இடக்கை வலக்கை உண்டு. காற்றின் போக்கில் நின்று நோக்கினால் குழாய்முனைகள் எப்பக்கம் அமைய வேண்டுமோ அப்பக்கத்திற்குரிய சுருளையே வரவழைக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு பக்கம் எழுதி, களத்தில் குழாய் மறுபக்கம் வந்து நின்றால், சுருளைத் திருப்பி வைக்கும் எண்ணம் எழுகிறது. திருப்பினால் காற்று வெளியேறும் பக்கமிருந்த முனை நுழையும் பக்கமாகிறது. தலைகீழாக்கினால் காற்றுத் திறப்பு அடிக்குச் சென்றுவிடுகிறது. கொணரும் குழாய் எம்முனைக்கு அருகில் வருகிறதோ அம்முனையில் இணைத்துவிடுவதே கைக்கு எளிது. ஒரு முழங்கைத் திருப்பம் மிச்சம். பின்னர் வெப்பக்காப்பு உறை போர்த்தி மூடிவிட்டால் உள்ளே நடந்தது யாருக்கும் தெரியாது. பெட்டி குளிர்க்காற்றைத் தரும்; ஆனால் தர வேண்டிய அளவு தராது. அறையில் இருப்போர் வெப்பமானியை இன்னும் தாழ்த்துவர். இப்படியே ஆண்டுகள் கழியும். முற்றாகச் செயலிழக்கும் கருவியைக் காட்டிலும் அரைகுறையாக இயங்கும் கருவியே வரலாற்றில் நெடுநாள் வாழ்கிறது.

நல்ல கைவினைஞர் இணைத்த சுருளைப் பார்த்தவுடன் அறியலாம். இருபுறமும் அடைப்பு வால்வுகள். கொணரும் குழாயில் கசடு வடிப்பான். இரு குழாய்களிலும் வெப்பமானியும் அழுத்தமானியும் பொருத்த இடம். அடியில் நீரை வடிக்கும் குழாய். உச்சியில் காற்றுத் திறப்பு. திரும்பும் பக்கத்தில் நீரின் அளவை ஆளும் வால்வு. எல்லாவற்றிற்கும் மேலாக, சுருளை ஒருநாள் கழற்றி வெளியே இழுக்க வேண்டியிருக்கும் என்னும் நினைவு. குழாயைச் சுருளின் முகத்திற்குக் குறுக்கே கொண்டுசென்றவர், பின்வரும் தலைமுறைக்கு ஓர் அறுப்பு வாளைப் பரிசளித்தவர் ஆவார்.

வெப்பநாட்டில் நீருக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. காற்றிலிருந்து பிரிந்த ஈரம் சுருளில் வழிந்து அடித்தட்டில் தேங்கும். விசிறி சுருளுக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்குமாயின் பெட்டியின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தினும் குறைவு. வடிகுழாயில் நீர் தேங்கும் வளைவு இல்லையெனில், வெளிக்காற்று அக்குழாய் வழியே உள்ளே பாயும். அது நீரை வெளியேற விடாது. தட்டு நிரம்பிக் கூரை ஒழுகும். உள்ளழுத்தக் குறைவு 50 மில்லிமீட்டர் நீருயரத்திற்கு நிகராயின் வளைவின் ஆழம் அதனினும் மிகுதியாக இருத்தல் வேண்டும். கூரையில் படியும் பழுப்புக் கறைகள் பலவற்றிற்கும் ஒரு சாண் குழாய் குறைந்ததே காரணம். குழாயின் மேலுறையும் அத்தகையதே. மலாயாத் தீவக்குறையின் காற்று 24 பாகைக்குக் கீழே எதைத் தொட்டாலும் வியர்க்கும். 7 பாகைக் குழாயில் உறை சிறிது கிழிந்தாலும் ஈரம் உட்புகுந்து உறையையே ஊறவைத்துவிடும்.

இந்நாடுகளுக்குக் காற்றுப்பதனம் முதலில் கேளிக்கையின் துணையாகவே வந்தது. 1939ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட கெத்தே திரையரங்கு, இந்நாடுகளில் குளிரூட்டப்பட்ட தொடக்கக்கால அரங்குகளுள் ஒன்று. போருக்குப் பின் வங்கிகளும் விடுதிகளும் அலுவலகங்களும் தொடர்ந்தன. ஆயிரமாண்டின் பெருங்கண்டுபிடிப்பு எது என 1999இல் வினவப்பட்டபோது சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் இயூ காற்றுப்பதனத்தையே குறிப்பிட்டார். வெப்பமண்டல மக்கள் பகற்பொழுதில் அயராது பணிபுரிய அது வழிவகுத்தது என்பது அவர் கருத்து. அக்கருத்தை ஏற்போரும் மறுப்போரும் உளர். பங்கா இழுத்த ஏழையின் கண்கொண்டு பார்ப்பின் அதனை முற்றாக மறுத்தல் இயலாது.

தமிழ் படிப்போர்க்கு இதில் தனி அக்கறை உண்டு. தாளின் துன்பத்தைத் தீர்க்கவே இக்கருவி தோன்றியது என்பது முன்னர்க் கூறப்பட்டது. 1887இல் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கிய 'சிங்கைநேசன்' வார இதழ் போன்றவை அச்சான தாளும், ஓலைச்சுவடிகளும், ஈரம் ஏறி இறங்கும் அறையில் நெடுநாள் நிலைப்பதில்லை. பூஞ்சை பிடிப்பது குளிர் குறைவதால் மட்டுமன்று, ஈரம் மிகுவதால். பிழையாக இணைத்த சுருள் அறையைக் கைக்குக் குளிராக வைத்துக்கொண்டே ஈரத்தை விட்டுவைக்கும். ஏனெனில் ஈரத்தைப் பிழிவது சுருளின் மிகக் குளிர்ந்த பகுதியே. அப்பகுதியை இறுதியில் காற்று தொடுதல் வேண்டும். நூலகத்தாருக்கு வெப்பமானி மட்டும் போதாது, ஈரமானியும் வேண்டும் என்பதன் பொருள் இதுவே.

நெடுங்காலம் மறைந்திருந்த பிழைகளை வெளிக்கொணர்ந்தது எண்ணெய் விலை. 1973ஆம் ஆண்டு நெருக்கடிக்கு முன்னர், சுருளுக்கு வேண்டாத நீரைப் பக்கவழியே திருப்பிவிடும் மும்முனை வால்வுகளே பெருவழக்கு. நீரேற்றி எப்போதும் முழு நீரையும் தள்ளிக்கொண்டிருக்கும், மின்கட்டணத்தைக் கேட்பாரில்லை. நெருக்கடிக்குப் பின் 1975இல் அமெரிக்கக் காற்றுப்பதனப் பொறியாளர் கழகம் ஆற்றல் சிக்கனத்திற்கான தரவரையறையை வெளியிட்டது. 1979இல் சிங்கப்பூரும் கட்டடங்களின் ஆற்றல் செலவுக்கு விதி வகுத்தது. வேண்டிய நீரை மட்டும் விடும் இருமுனை வால்வுகள் பரவின. அப்போதுதான் கணக்கு உதைத்தது. 100 டன் குளிருக்கு, நீர் 5.5 பாகை வெப்பமுற்றுத் திரும்பினால் நொடிக்கு ஏறத்தாழ 15 லிட்டர் நீர் போதும். 3 பாகை மட்டுமே வெப்பமுற்றால் 28 லிட்டர் வேண்டும். ஒரே குழாயில் நீரை இருமடங்காக்க நீரேற்றியின் ஆற்றல் ஏறத்தாழ எட்டு மடங்காக வேண்டும். தன் குளிரைக் கொடாமலே திரும்பும் நீரால் நிலவறைப் பொறிகள் அரைச் சுமையோடு ஒன்றுக்கு இரண்டாக ஓடின. எங்கே பிழை எனத் தேடியவர்கள், அழுக்கேறிய சுருள்களையும் பெரிதாகிவிட்ட வால்வுகளையும், இடம்மாறி இணைந்த குழாய்களையும் கண்டனர்.

குளிர்நீர் இன்று ஒரு கட்டடத்தின் எல்லையையும் கடந்துவிட்டது. 1962இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் பல கட்டடங்களுக்குப் பொதுவான குளிர்நீர் நிலையம் தொடங்கியது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுர வட்டாரமும் அவ்வழி சென்றது. சிங்கப்பூரின் மரினா பே வட்டாரத்தில் 2006 முதல் நிலத்தடி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 6 பாகைக் குளிர்நீர் கட்டடந்தோறும் செல்கிறது. அது 14 பாகை அளவில் திரும்புதல் வேண்டும் என்பது அமைப்பின் அடிப்படை. பணம் கொடுத்து நீரை வாங்குவோர், அதனைக் குளிராகவே திருப்பியனுப்பக் கூடாது. ஆகவே அங்கே கட்டடத்திற்குள் நுழையும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் வெப்பம் அளக்கப்படுகிறது. இருபதாவது மாடியின் பூட்டிய அறையில் எவரோ ஒருவர் குழாயை இடம் மாற்றிப் பொருத்தியிருந்தால், கீழே, மண்ணுக்கடியில், அந்த அளவீட்டில் எண் சற்றே தாழ்ந்து நிற்கும்.